நாய்க்குட்டிக் கடையில் வயது

கண்டி டவுனில் நாய்க்குட்டி விற்கும் கடையில் வேலைக்குச் சேர எனக்கு வயது போதவில்லை. பதினாறு முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். அம்மாவுக்கு அது தெரியாது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் பெண்பிள்ளையின் வயதுக்கு ஒரே கணக்குத்தான்: பெரியவளாகிவிட்டாளா, இல்லையா. அதனால் முதலாளியைப் பார்க்கப் போன அன்று அம்மா என் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளவில்லை. என் சடங்கு அல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

முதலாளி அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வாடகைச் சேலை, பிளாஸ்டிக் கிரீடம், முதுகுக்குப் பின்னால் துணியில் வரைந்த நீர்வீழ்ச்சி. கிளிக்கூட்டுக்கும் மீன்தொட்டிக்கும் நடுவில் நின்று முன்பின் தெரியாத அந்த ஆண் என் படங்களைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

“பெரியவளாகி ரெண்டு வருசமாச்சுங்க ஐயா. எல்லா வேலையும் செய்வா,” என்றாள் அம்மா.

“படத்துல பெரிய புள்ளதான். சட்டத்துல இன்னும் சின்னப் புள்ள,” என்றார் முதலாளி. “சரி, விட்டுட்டுப் போங்க. வேலைக்கு வந்திருக்கான்னு யார்கிட்டயும் சொல்ல வேணாம். நாய்க்குட்டி பாக்க வந்திருக்கான்னு சொல்லிக்குவோம். பதினாறு முடிஞ்சதும் பேரைப் பதிஞ்சு டீசேர்ட் குடுத்திடறேன்.”

கடையின் பெயர் போட்ட நீல டீசேர்ட் அது. அங்கே முறைப்படி வேலை செய்த இரண்டு பெரிய பையன்களும் அதைத்தான் போட்டிருந்தார்கள். அது கிடைத்தால் எனக்கு ஒழுங்கான சம்பளம், லீவு, எல்லாம் உண்டு. கிடைக்காவிட்டால் கொழும்பில் யார் வீட்டிலாவது சட்டி கழுவ அனுப்பிவிடுவார்கள். அப்பா செத்த பிறகு பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் வேறு வழி இல்லை.

ஆக, நான் நாய்க்குட்டி பார்க்க ஆரம்பித்தேன். விடிந்ததும் மலையிறங்கிப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பும் வரைக்கும் பார்த்தேன். கூடு கழுவினேன், பீ அள்ளினேன், உண்ணி பொறுக்கினேன், இரவில் செத்து மிதந்த மீன்களை வாடிக்கையாளர் வருவதற்கு முன் அள்ளி எறிந்தேன். கையில் கொடுப்பதைச் சம்பளம் என்று முதலாளி ஒருநாளும் சொல்லமாட்டார். “பஸ்ஸுக்கு வச்சுக்க,” என்பார்.

தொழில் திணைக்களத்தில் இருந்து சோதனைக்கு ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டால் நான் ஒளிய வேண்டும். அதற்குப் பின்கட்டில் ஒரு பெரிய நாய்க்கூடு இருந்தது. ஒருநாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பைல் கட்டோடு வாசலில் இறங்கவும் முதலாளி கண்ணைக் காட்டினார். நான் குனிந்து உள்ளே போனேன். அவரே வந்து வெளியே கொக்கியை மாட்டி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். வந்தவர் மகளுக்குத் தங்கமீன் வாங்க வந்த வங்கிக்காரர். மீனை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். முதலாளி என்னை மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கத்தினால் யாருக்காவது கேட்கும். கேட்டால் டீசேர்ட் போச்சு. நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். அவர் வந்து திறந்தபோது என் பாவாடை நனைந்திருந்தது. குட்டிகளின் வேலை என்று நினைத்து, அதையும் கழுவச் சொன்னார்.

அந்தக் கடையில் யாருக்குமே உண்மையான வயது இல்லை. தாய்ப்பால் மறக்காத குட்டிக்கு வயதைக் கூட்டிச் சொல்லுவோம். விற்காமல் வளர்ந்ததற்குக் குறைத்துச் சொல்லுவோம். ஒரு பழுப்பு நாய் மட்டும் எந்தப் பொய்க்கும் அடங்காமல் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது. காதும் காலும் நீண்டு, பார்க்கிறவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு சாயங்காலம் முதலாளி என்னை அதோடு கடையின் வான் வண்டியில் ஏறச் சொன்னார். தெல்தெனியவுக்குப் போகும் வழியில், வீடு வாசல் இல்லாத ஒரு திருப்பத்தில் வானை நிறுத்தினார். அது என் மடியில் கிடந்து கையை நக்கிக்கொண்டே இருந்தது.

“இறக்கி விடு,” என்றார்.

“பாவம், முதலாளி.”

“வளர்ந்துட்டா சோறு போட்டுக் கட்டுப்படியாகுமா? இறக்கு.”

இறக்கிவிட்டேன். கொஞ்சத் தூரம் வானுக்குப் பின்னால் ஓடிவந்தது. திரும்பிப் பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை, ஆனாலும் நான் பார்க்கவில்லை.

பதினாறு முடிந்த அன்று தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், கடைக்கு ஒரு பெட்டி டொபி வாங்கிக்கொண்டு போனேன். முதலாளி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“டீசேர்ட், முதலாளி,” என்றேன்.

அவர் டொபியை மெல்ல மென்றார். “இனி நீ பெரிய ஆள். இனி உனக்கு முழுச் சம்பளம், லீவு, ஈபிஎஃப், எல்லாம் சட்டப்படி செய்யணும். கூடு கழுவ அவ்வளவு குடுத்து எனக்குக் கட்டாது புள்ள. நாளையில இருந்து வர வேணாம்.” பிறகு ஞாபகம் வந்தவராகக் கேட்டார்: “உனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கால்ல?”

இரண்டு வருடம் நான் நாளை எண்ணியது என் வேலைக்காக என்று நினைத்திருந்தேன். அவரும் அதே நாளைத்தான் எண்ணியிருக்கிறார், என்னைக் கழிப்பதற்காக. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நல்லா இருக்கமாட்டான் என்று சபித்தேன். நன்றாகத்தான் இருக்கிறான், அம்பிட்டியவில் இரண்டாவது கடையும் போட்டுவிட்டான்.

வீட்டுக்குப் போய், கூட்டில் கிடந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். முதலாளியைத் தூற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் கொழும்பில் வேலைக்கு வீடு பார்க்க யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தாள். அப்புறம் எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்து தங்கச்சியின் சடங்கு அல்பத்தை வெளியே எடுத்தாள். சடங்கு முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

“வேணாம்மா,” என்றேன்.

“உனக்கும் வேலை போய், அவளும் வீட்டுல இருந்தா, அடுப்புல எதைடி வைக்கிறது?” என்றாள்.

தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம். காலையில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு, பவுடர் பூசி, வாசலில் நின்றாள். அம்மா அல்பத்தைப் பைக்குள் வைத்தாள்.

“அக்கா, அங்க நாய்க்குட்டி கடிக்குமா?”

“கடிக்காது. கடிக்கிற அளவுக்கு அங்க எதையும் வளர விடமாட்டாங்க.”