விபத்தில்லாத வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மோசஸ் நாலு காலில் இருப்பார். கைலியை மடித்துக் கட்டி, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, வாசல்படியில் தொடங்கி ஹால் வழியாகச் சமையலறைவரை தவழ்ந்து போவார். போகிற வழியில் தலையைத் தூக்கி டீப்பாய் முனையைப் பார்ப்பார். நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார். ப்ளக் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் மூடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரனான நான் பால் பாக்கெட்டும் கையுமாக ஐந்து வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். முதல் வாரம் அவர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நம்பி நானும் குனிந்து தேடினேன்.

"ஒண்ணும் தொலையல சார். ஒரு வயசுப் புள்ள கண்ணுக்கு இன்னா இன்னா தெரியுமோ, அத்த பாத்துக்கினு கீறேன்."

அந்த வீட்டில் பிள்ளை இல்லை. தத்தெடுக்கப் பதிவு செய்திருந்தார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். குழந்தைதான் வரவில்லையே தவிர, அதற்கான பாதுகாப்பு ஏற்பாடுகள் முழுமூச்சாக நடந்துகொண்டிருந்தன.

மோசஸுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் சேஃப்டி சூப்பர்வைசர் உத்தியோகம். ஹெல்மெட் போடாதவனைக் கண்டால் விசில் ஊதுவது கடமை. கவரைப்பேட்டை வாடகை வீட்டில் ஊத ஆளில்லாததால், நாற்காலி மேசைகளின் மேல் தன் அதிகாரத்தைச் செலுத்தினார்.

முதல் குற்றவாளி ஆறடி உயரப் புத்தக அலமாரி. "புள்ளைக்கு அது அலமாரி இல்ல சார், ஏணி. தட்டப் புடிச்சி ஏறும். மொத்தமா இஸ்து மேல போட்டுக்கும்." ஆகவே அதைச் சுவரோடு சேர்த்து முடுக்கினார். அதற்கு வீட்டு ஆணி போதாதாம். ஆலையில் இயந்திரத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட் நாலு. வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்த வீட்டுக்காரர் ஆதிநாராயணன் அலமாரியை நகர்த்தப் பார்த்தார். நெல் மூட்டை தூக்கிய தோள், அசைக்க முடியவில்லை. "இன்னாபா மோசஸ், காலி பண்ணிக்கினு போம்போது செவுத்தையும் கூடவே இட்டுனு போவியா?" என்று கேட்டுவிட்டு, அலமாரியைச் சுற்றி அடிக்கச் சொன்னார்.

கனமான புத்தகம் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. வீட்டிலேயே கனமான புத்தகம் வேதாகமம். ஜெபிக்க வந்த பாஸ்டர் அது தரையோடு தரையாக இருப்பதைக் கண்டு முகம் சுருங்கினார். "மேல வச்சா புள்ள தலையில வுழும் பாஸ்டர்" என்றார் மோசஸ். பாஸ்டர் அன்று வழக்கத்தைவிடச் சுருக்கமாக ஜெபித்தார்.

வாரா வாரம் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றை அலமாரியின் இரண்டாம் தட்டில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டுச் சோதிப்பார். ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய அதுதான். அலமாரி ஒருநாளும் ஆடியதில்லை. சோதனை முடிந்ததும் மூட்டையை இறக்கும்போது மட்டும் ஒரு கையை அடியில் கொடுத்து, மெதுவாக இறக்குவார்.

சிகரம், ஹாலில் மாட்டியிருந்த பலகை. ஆலை வாசலில் இருப்பதைப் போலவே பச்சை பெயிண்ட்: 'விபத்தில்லா நாட்கள்'. எதிரே சாக்பீஸில் எண். பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு. ஆயிரத்தைத் தாண்டியபோது எனக்குக் கேசரி வந்தது. குழந்தையே இல்லாத வீட்டில் குழந்தைக்கு அடிபடாமல் இருப்பது எப்படிச் சாதனையாகும் என்று கேட்கும் துணிச்சல் கேசரி தின்றவனுக்கு வராது. அவர் மனைவி ஷைனி கேட்பார். "அடிபட ஒரு ஆளு வேணுமே, அத்த எந்த கணக்குல எழுதுவ?"

"வரும், வரும். வர்றப்ப ஊடு ரெடியா இருக்கணும்."

தத்து விசாரணைக்கு வந்த சமூகப் பணியாளர் ஈஸ்வரி வீட்டைச் சுற்றிப் பார்த்து வியந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். டம்ளர் இருந்த சமையலறை அலமாரிக் கதவில் குழந்தை திறக்க முடியாத பூட்டு. ஷைனியாலும் திறக்க முடியவில்லை. மோசஸ் வந்து திறப்பதற்குள் ஈஸ்வரி குடத்திலிருந்து சொம்பில் மொண்டு குடித்துவிட்டார். அறிக்கையில் 'மிகவும் பாதுகாப்பான இல்லம்' என்று எழுதினார்.

போன வியாழக்கிழமை அதே ஈஸ்வரி பதிவைப் புதுப்பிக்க வந்தார். மோசஸுக்கு நாற்பத்தேழு, ஷைனிக்கு நாற்பத்து நான்கு. இருவர் வயதையும் கூட்டித்தான் எந்த வயதுக் குழந்தை என்று தீர்மானிப்பார்களாம்.

"தொண்ணூத்தொண்ணு வருது சார். தொண்ணூறத் தாண்டிட்டா சின்னக் கொழந்த கெடையாது. நாலு வயசுக்கு மேல, எட்டு வரைக்கும்தான் கேக்கலாம். சரின்னா திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

ஈஸ்வரி போனபின் ஷைனிதான் எழுந்து போய்ப் பலகையிலிருந்த ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டை முந்தானையால் துடைத்தார். சாக்பீஸை எடுத்துப் பூஜ்யம் போட்டார்.

"அடிபட்டா சைபர்லேந்துதான எழுதணும்? உன் ரூல்ஸுதான்."

பிறகு குரலைத் தணித்து, "ஆறு வயசுன்னா புள்ள இல்லியா? எங்கியோ ஒரு எடத்துல அதுவும் யாருனா வருவாங்களானு பாத்துக்கினுதான இருக்கும்" என்றார்.

"நட பழகறப்ப அதுக்கு யாரு கை குடுத்தாங்களோ" என்றார் மோசஸ். அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுக்க அவர் முனைகளில் ஒட்டியிருந்த ஃபோம் துண்டுகளை உரித்தார். டீப்பாயில் நாலு, கட்டிலில் நாலு, டிவி ஸ்டாண்டில் இரண்டு. பழைய பசை அங்கங்கே மரத்தோடு நின்றுவிட்டது. அரிசி மூட்டையை ஷைனி சமையலறைக்கு எடுத்துப் போனார். மறுநாள் தவழ ஆள் இருக்காது என்று எண்ணினேன். பழக்க தோஷத்தில் ஆறரைக்குப் பால் பாக்கெட்டோடு நின்றேன்.

மோசஸ் வாசல்படிக்கு வந்தார். நாலு காலில் இறங்கவில்லை. முட்டி போட்டார். முதுகை நிமிர்த்தி, முட்டியாலேயே நடந்து உள்ளே போனார். முட்டி போட்ட மோசஸின் உயரம் ஏறக்குறைய ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. ஷைனி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

டீப்பாய் இப்போது அவர் இடுப்புக்குக் கீழே இருந்தது. அதைத் தாண்டினார். அலமாரியின் மூன்றாம் தட்டுக்குக் கை எட்டியது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பியவர் மேற்கொண்டு நகரவில்லை. சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டின் முனை, அறுத்த கூர் மழுங்காமல், அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. ஐந்து வருடமாக அதற்குக் கீழேதான் அவர் தவழ்ந்திருக்கிறார்.

சட்டைப்பையிலிருந்து உரித்த ஃபோம் துண்டு ஒன்றை எடுத்து அந்த முனையில் வைத்து அழுத்தினார். பசை போய்விட்டிருந்தது. கையை எடுத்ததும் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் வைத்தார். இந்தமுறை கட்டைவிரலை எடுக்காமல், அழுத்திப் பிடித்தபடி, முட்டி போட்டவாறே இருந்தார்.