நெபுலைசர் சும்மா கிடந்த மழைக்காலம்

குழந்தைகள் கிளினிக்கில் நெபுலைசர் வைக்கும் நர்சுக்கு மொழி ஒரு தொல்லையே இல்லை. தமிழில் சளி, தெலுங்கில் ஜலுபு, உருதுவில் ஜுகாம், எதில் சொன்னாலும் மூக்கு ஒரே மாதிரிதான் ஒழுகும். மாரெட்பள்ளி கிளினிக்கின் பின்னறையில் மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியாகக் குழந்தைக்குக் கொடுப்பது என் வேலை. வீட்டில் ஒரு வாண்டை வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுக்கக் கைக்குட்டையும் கையுமாக அலைந்தவர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

துண்டு போட்ட பெஞ்சு

கொரோனாவுக்கு முந்தைய மழைக்காலங்களில் என் அறைக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு தோற்றுப்போகும். ஜெயந்தி வந்ததும் முதல் காரியமாக பெஞ்சில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பாள். அவள் கணவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை; தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். மகள் தாராவுக்கு அப்போது மூன்று வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும்.

சாதாரணச் சளி பிடித்தாலே தாராவுக்கு இழுப்பு வந்துவிடும். ஒரு தடவை ஐசியூ வரை போய்த் திரும்பியவள். அதிலிருந்து ஜெயந்தி அவளை எந்தப் பிள்ளையோடும் விளையாட விட்டதில்லை. ஒருநாள் பக்கத்தில் ஒரு பையன் தும்மினான். துண்டோடு எழுந்துவிட்டாள்.

"நக்கோம்மா நக்கோ, வேணாம், அந்தப் பக்கம் திரும்பித் தும்மச் சொல்லுங்க. எம்பொண்ணு ஒருவாட்டி ஐசியூ போய் வந்தது போதும்."

சத்தமில்லாத அறை

பிறகு ஊரடங்கு. பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால் நம் இழுப்புக் குழந்தைகள் என்ன ஆகுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். மழை வந்தது. குழந்தைகள் வரவில்லை. முதலில் பயத்தில் வரவில்லை என்றுதான் நினைத்தோம். எங்கள் கிளினிக் டாக்டரம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டார். அத்தனை பேரும் சௌக்கியம்! பள்ளிக்கூடம் இல்லை, பார்க் இல்லை, பிறந்தநாள் பார்ட்டி இல்லை. வீட்டுக்கு வீடு சோப்பும் மாஸ்க்கும். கொரோனாவுக்குப் போட்ட கதவில் மற்ற சளிக் கிருமிகளும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

ஊரே ஆக்சிஜனுக்கு ஓடிய காலம் அது. என் சித்தப்பாவை நான் அப்படித்தான் பறிகொடுத்தேன். அதே நாட்களில் இத்தனை பிஞ்சு நெஞ்சுகள் இழுப்பில்லாமல் தூங்கின. அழுவதா, அதிசயப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். மெஷின் துருப்பிடிக்கக் கூடாதே என்று ஒருநாள் சும்மா ஓட்டிப் பார்த்தபோது ரிசப்ஷனிலிருந்து சரளா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு அக்கா! யாரோ விருந்தாளி வந்துட்டாங்கன்னு ஓடி வந்தேன்."

யாரால் வந்த புண்ணியம்

குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசிக்கு ஜெயந்தி தாராவைக் கூட்டி வந்தாள். டாக்டரம்மா முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டவர், அதை என் காதில் மாட்டினார். எப்போதும் விசில் அடிக்கும் நெஞ்சு. இப்போது காற்று போய் வரும் ஓசை மட்டும். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஜெயந்தி இது தன் மிளகுக் கஷாயத்தால் வந்தது என்றாள். இன்னொரு அம்மா தர்கா கயிற்றைக் காட்டினாள். பக்கத்து மெடிக்கல் ஷாப் காஜா பாயிடம் இதைச் சொன்னேன். அவர் இருமல் மருந்து அடுக்கியிருந்த அலமாரியை ஏக்கமாகப் பார்த்தார்.

"பசங்க எல்லாம் நல்லாருக்கு, அல்லாவுக்கு ஷுக்ரியா. இந்த சிரப்பை இனிமே நானே குடிக்கணும் சிஸ்டர்."

மாம்பழ சீசனில்

மாஸ்க் இறங்கியது, பள்ளிக்கூடம் திறந்தது. கைக்குழந்தைகளை வாட்டும் நெஞ்சுச்சளிக் கிருமி மழையோடும் குளிரோடும்தான் வரும் என்று இத்தனை வருடமும் கண்டிருந்தோம். அது பங்கனப்பள்ளி மாம்பழ வண்டிகளோடு வந்து இறங்கியது, சுட்டெரிக்கும் வெயிலில்! சும்மா கிடந்த என் அறையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை அவசரமாக வெளியே தள்ளினோம். தொட்டில் பிள்ளைகள் மட்டுமா? தொட்டில் வயதில் அந்தக் கிருமியைச் சந்திக்காமல் தப்பிய மூன்று வயதுக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். டாக்டரம்மா கதவருகே நின்று, பயமும் பிரமிப்புமாகச் சொன்னார்.

"இது மழைக்குக் காத்திருந்த கிருமி இல்ல சிஸ்டர், நம்ம பிள்ளைங்களுக்குக் காத்திருந்திருக்கு."

எழுதிக் கொடுங்கள்

இதைக் கேட்டதும் ஜெயந்தி தாராவைப் பள்ளியில் சேர்ப்பதில்லை என்று முடிவு கட்டினாள். ஸ்கூல் வேன் போகும்போதெல்லாம் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் அவளேதான் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இன்ஹேலரைத் தவறாமல் கொடுங்கள், சளி வரும், சமாளித்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. சமாளிப்பதெல்லாம் இவளுக்குப் போதாது.

"சளியே வராதுன்னு எழுதிக் குடுங்க மேடம். இல்லேன்னா ஸ்கூலும் நக்கோ, கீலும் நக்கோ."

அப்படி யாரால் எழுதிக் கொடுக்க முடியும்? கடைசியில் ஜன்னல்தான் ஜெயித்தது; தாரா ஸ்கூல் வேனில் ஏறினாள்.

யார் கொடுத்தது

அடுத்த மழையில் அதே துண்டு, அதே பெஞ்சு. தாராவின் விலா ஏறி இறங்கியது. ஜெயந்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஐசியூ வாசலில் அன்று பார்த்த அதே முகம். மாஸ்க்கை வைத்துவிட்டு நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். புகை போகப் போக நெஞ்சு இளகியது. மறுபடி கேட்டுப் பார்த்த டாக்டரம்மா, இன்ஹேலர் பலன் கொடுத்திருக்கிறது, அட்மிஷன் தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

பயம் இறங்கியதும் ஜெயந்திக்குக் கோபம் ஏறியது. "யாருடி குடுத்தாங்க உனக்கு இந்தச் சளிய?" என்று அதட்டினாள். தாரா மாஸ்க்கை மெல்லத் தூக்கினாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, முகத்தில் பரிசு வாங்கிய மிடுக்கு. தன் தெலுங்கில் பதில் சொன்னாள். ஜெயந்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

"ஜோயா இச்சிந்தி மம்மி. நா பெஸ்ட் ஃபிரெண்டு!" ஜோயா கொடுத்தாளாம், பள்ளியில் கிடைத்த உயிர்த்தோழி.

ஆக, மூக்கே ஒழுகாமல் பிள்ளை வளர்க்க வழி இருக்கத்தான் செய்கிறது, பக்கத்தில் இன்னொரு மூக்கு இல்லாமல் பார்த்துக்கொண்டால்.