மாலை போட்ட காரில் அரிமளத்துக்கு

காலை ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். அரிமளத்தில் நண்பர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. திருமயம் சுற்றிப் போக வாடகை ஆயிரத்து நூறு ரூபாய். ஓட்டுநர் முருகேசன் கார் வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. பின் இருக்கையில் அவர் மனைவி செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி. "கோட்டை பைரவர் கோயில்ல வண்டிக்கு மாலை போட்டுட்டுப் போயிருவோம் சார். இவளும் வரணும்னா," என்றார். எனக்கென்ன ஆட்சேபம்?

என் அப்பாவின் பழைய காரில் மூன்று முட்கள்தான். அதில் பெட்ரோல் முள் மட்டும் எப்போதாவது உண்மை பேசும். இந்தக் காரிலோ சிலேட்டு அளவுக்குத் திரை. டயரில் எவ்வளவு காற்று, எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் அதில் தெரிந்தது. முருகேசன் சாலையைவிடத் திரையைத்தான் அதிகம் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவேயில்லை.

இருபது கிலோமீட்டரில் திருமயம். கோயிலில் தேங்காய் உடைத்து, சாமிக்குச் சார்த்திய சம்பங்கி மாலையை வாங்கிக் காரின் முகப்பில் கட்டினார்.

அரிமளம் சாலையில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் கார் கீ கீ என்று கத்தியது. முன்னால் ஏதோ நிற்பதாகத் திரை சிவந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் கார் தானாகவே பிரேக் போட்டது. பெல்ட் நெஞ்சை இறுக்கியது.

"சாமி ஏதோ சொல்லுது சார்." முருகேசன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்.

மறுபடி அப்படி நின்றபோது பின்னால் டவுன் பஸ். ஒரு முழ இடைவெளியில் நின்றுவிட்டது. "புது வண்டின்னா நடு ரோட்டுலயா நிப்பாட்டுவ?" என்று திட்டிவிட்டு அதன் ஓட்டுநர் விலகிப் போனார். ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். மாலை சரிந்து, முன்னால் வருவதைக் கண்டுபிடிக்கும் கருவியின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"மாலையைக் கழற்றுங்க," என்றேன்.

"சாமி மாலைங்க. போய்ச் சேரும் முன்னாடி கழட்டுனா வெளங்குமா? மெதுவா ஓட்டுறேன்."

"பின்னால வர்ற பஸ்ஸுக்கு அது தெரியுமா?"

அவர் அசையவில்லை. செல்விதான் மெல்ல இறங்கி வந்து முடிச்சை அவிழ்த்தாள். "சாமி மாலை வண்டிக்குத்தான் ஆகுமா? எனக்கு ஆகாதா?" என்று தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முருகேசன் வண்டியைக் கிளப்பினார்.

கார் வாயை மூடிக்கொண்டது. "இப்ப ஒரு கொறையும் இல்ல சார்," என்று முருகேசன் சிரித்தார். நான் பின்னால் திரும்பினேன். செல்வி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"என்னம்மா செய்யுது?"

"மொதப் பிரேக்குலேருந்தே வலிக்குதுங்க."

"ஏன்டி சொல்லல?" என்று முருகேசன் பதறினார்.

"நீங்க வண்டிக்கு என்னமோன்னு தவிச்சுக்கிட்டு இருந்தீங்க. என்னைய யாரு கேட்டா?"

நேரே அரிமளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் சிறு கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். எனக்கே பயமாக இருந்தது. பிறகு கடகடவென்று ஒரு துடிப்பு கேட்டது.

"என்னங்க இம்புட்டு வேகமா அடிக்குது?" என்றார் முருகேசன்.

"புள்ளைக்கு அப்புடித்தான் அடிக்கும். நல்லா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் படுத்திருக்கட்டும்."

முருகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விழா முடிந்து, பஸ் ஏறுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். முருகேசன் கட்டிலருகே நின்று, "இப்ப எப்புடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். செல்வி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நிமிசத்துக்கு ஒருக்கா கேக்குறாருங்க. கீ கீன்னு கத்துன அந்த வண்டியே தேவல."