பறவைக்கு ஊசி

1. முதல் நாள்

எழுபதுகளின் கடைசியில், தமிழில் எம்.ஏ. முடித்த கையோடு திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு டுடோரியலில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே பாத்திரக் கடை, மாடியில் நாங்கள். அரசாங்கக் கிளார்க் பரீட்சைக்கு ஆட்களைத் தயார் செய்கிற இடம் அது. கணக்கும் பொது அறிவும் மற்றவர்களுக்கு. எனக்குச் சொல்லறிவு. அதில் ஜோடிக் கேள்விதான் முக்கியம், அனாலஜி என்போம். முதல் ஜோடிச் சொற்களுக்குள் என்ன உறவோ, அதே உறவு வருகிற மாதிரி இரண்டாவது ஜோடியை நிரப்ப வேண்டும்.

முதல் நாள் போர்டில் எழுதினேன். டாக்டர் : ஸ்டெதஸ்கோப் :: தச்சர் : ?

உளி, ரம்பம், இழைப்புளி என்று குரல்கள் வந்தன. கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்து, "பென்சிலு டீச்சர்" என்றார்.

"பென்சிலா?"

"டாக்டரு அத்த கழுத்துல மாட்டிக்கினு சுத்துறாரு. ஆசாரி பென்சில காதுல சொருவிக்கினு சுத்துறாரு. ரெண்டு பேருமே தூங்கசொல்லதான் கழட்டுவாங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. "தப்பு, உட்காருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஏன் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அது என்னை அரித்துக்கொண்டே வந்தது.

அவர் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். என்னைவிட ஆறு வயது பெரியவர். வயது வரம்பின்படி அந்த வருடம்தான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

2. டீக்கடை

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போனேன். "முதல் ஜோடியை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க. ஸ்டெதஸ்கோப்பை வச்சு டாக்டர் தன் தொழிலைச் செய்யறாரு. இப்ப அதே வாக்கியத்துல தச்சரைப் போடுங்க. எதை வச்சுத் தொழிலைச் செய்யறாரு?"

ஏழுமலைக்கு இது பிடித்துவிட்டது. பிடித்துப் போனதுதான் கஷ்டமாகவும் ஆயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் வாக்கியத்தை உரக்கச் சொல்வார். நீதிபதி : நீதிமன்றம் :: ஆசிரியர் : ? என்று போட்டேன்.

"நீதிபதி எந்நேரமும் இருக்கிற எடம் நீதிமன்றம். ஆசிரியர் எந்நேரமும் இருக்கிற எடம் டீக்கடை."

"ஏழுமலை!"

"எங்க ஊரு வாத்தியாரு அங்கதான் டீச்சர் இருப்பாரு. கையெழுத்துன்னாலும் அங்கதான் போயி வாங்குவோம்."

"கேள்வி எழுதினவரு உங்க ஊருக்கு வந்ததில்லீங்க. யாரு படிச்சாலும் ஒத்துக்கிற மாதிரி இருக்கணும் வாக்கியம்."

"அப்ப பள்ளிக்கூடம்தான்" என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.

மற்ற மாணவர்களுக்கு இது தலைவலி. முன் பெஞ்சில் தனலட்சுமி என்று ஒரு பெண். எல்லா டெஸ்டிலும் முதல் மார்க் வாங்குவாள். "இவரு வாக்கியம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும் டீச்சர்" என்றாள்.

3. கைடு

டுடோரியலை நடத்தியவரை எல்லோரும் பிரின்ஸ்பால் என்றே கூப்பிடுவோம். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. அவருக்கு என் முறையில் நம்பிக்கை இல்லை.

"வசந்தாம்மா, யோசிக்க வுட்டா பசங்க கெட்டுப் போயிடுவாங்க. மனப்பாடம். அது ஒண்ணுதான் வழி."

தீபத் திருவிழா வந்தது. பத்து நாள் தெருவுக்குள் ஆள் நுழைவதே கஷ்டம் என்பதால் வகுப்பு கிடையாது. அந்த லீவுக்காகவே அவர் ஒரு கைடு தயாரித்தார். ஸ்டென்சிலில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் செய்து, தைத்து, அட்டை போட்டது. ஜோடிக் கேள்விகள் இருபது இருபதாக, பக்கத்திலேயே விடைகள். எல்லோரிடமும் கொடுத்து, "லீவு முடிஞ்சதும் மூணாம் பக்கத்துல மாடல் டெஸ்ட்டு. நானே வெக்கிறேன். நானே திருத்துறேன்" என்றார். எனக்கு ஒரு பிரதி தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

டெஸ்ட் முடிந்த மறுநாள் காலை என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"இருபத்துமூணு பேரு இருபதுக்கு இருபது. ஒரே ஒரு ஆளு ஜீரோ. யாருன்னு நெனைக்கிறீங்க? உங்க வாக்கியக்காரரு!"

ஏழுமலையின் தாளை வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது விடைகள் சரி. ஒன்றில்தான் தடுமாற்றம். பிறகு தனலட்சுமியின் தாளைப் பார்த்தேன்.

மீன் : நீர் :: பறவை : ஊசி.

கொல்லர் : சுத்தியல் :: தையல்காரர் : லாயம்.

சிங்கம் : குகை :: குதிரை : குட்டி.

குதிரைக்குக் குட்டி என்பது மட்டும் கொஞ்சம் நியாயமாகத் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். டைப் அடித்தவர் முதல் விடையான வானத்தை விட்டுவிட்டார். மற்ற விடைகள் எல்லாம் ஒவ்வொரு வரி மேலே ஏறிவிட்டன. கடைசிக் கேள்விக்கு விடை இல்லாததால், பக்கத்தின் அடியில் இருந்த வரி அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அதையும் விடாமல் படித்திருந்தார்கள். இருபத்துமூன்று பேரும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்:

இரவு : நிலா :: பகல் : நகல் எடுப்பது குற்றம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"சார், பறவைக்கு எப்படி ஊசி வரும்?"

கைடைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "கோழிக்கு ஊசி போடுறாங்களே? கோழி பறவைதானே?"

"தையல்காரருக்கு லாயம்?"

"அவரு கட உள்ள போயி பாத்திருக்கீங்களா? லாயம் மாதிரிதான் இருக்கும்."

அந்த நேரத்தில், தனக்கு ஏன் ஜீரோ என்று கேட்க ஏழுமலை வாசலில் வந்து நின்றார். பிரின்ஸ்பால் சொன்னதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"சார், நானும் மொதநாளு இப்படிதான் பென்சிலுன்னு சொன்னேன். டீச்சர் உட்காருனுட்டாங்க" என்றார் மரியாதையாக. "மீனு வாழறது தண்ணில. பறவ வாழறது ஊசிலியா சார்?"

பிரின்ஸ்பால் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வெளிய யாருக்கும் சொல்ல வேணாம். டுடோரியல் பேரு போயிடும். பசங்ககிட்டயும் சொல்லாதீங்க, பயந்துடுவாங்க" என்றார்.

"சொல்லலன்னா இதத்தான் சார் பரீட்சையில எழுதுவாங்க" என்றேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

4. பன்னிரண்டு நாள்

வகுப்பில் சொன்னேன். பிரின்ஸ்பால் சொன்ன மாதிரி யாரும் பயந்துவிடவில்லை. நான் நினைக்காதது நடந்தது: யாரும் நம்பவில்லை.

"கைடுல போட்டிருக்குதே டீச்சர்" என்றாள் தனலட்சுமி.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க. பறவைக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாத சம்பந்தம் ஏதோ இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பத்து நாள், கூடம் நிறைய விருந்தாளிகள் இருந்த வீட்டில் மூலையில் உட்கார்ந்து படித்தவள் அவள்.

ஏழுமலைதான் எழுந்தார். "அழாதம்மா. எங்க ஊட்ல அந்தப் பக்கத்த நாங்கூட நாலு வாட்டி படிச்சேன். மண்டைல ஏறல, அவ்ளோதான்."

அன்றிலிருந்து கைடை மூடிவைத்தோம். ஒவ்வொருவராக எழுந்து முதல் ஜோடிக்கு வாக்கியம் சொல்ல வேண்டும், பிறகுதான் விடை. இருபத்துநாலு பேரும் உரக்கச் சொன்னதில் கீழே பாத்திரக் கடைக்காரர் ஆள் அனுப்பி, "மேல இன்னா, பஞ்சாயத்தா?" என்று கேட்டார். ஊசி அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. பறவை என்று சொன்னாலே நாலு பேர் வாயில் அதுதான் வந்தது. வந்ததும் அவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் பிரின்ஸ்பால் வந்து ஏழுமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறாம் நாள், எழுத்தாளர் : நாவல் :: சிற்பி : ? என்று நான் கேட்டபோது கையைத் தூக்கினார். "எழுத்தாளர் நாவலைப் படைக்கிறார். சிற்பி சிலையைப் படைக்கிறார்." வகுப்பு கைதட்டியது. அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

5. பிறகு

பரீட்சையில் ஒன்பது பேர் தேறினார்கள். தனலட்சுமி உண்டு, ஏழுமலையும் உண்டு. நேர்முகத் தேர்வில் ஏழுமலையைப் பார்த்து ஓர் அதிகாரி, "மண்டில மூட்ட எட போட்டவன் நீ. ஆபீஸ் வேலைக்கும் அதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" என்றாராம்.

"ரெண்டு எடத்துலயும் வெளிய காத்துக்கினு நிக்கிறவங்களுக்குத்தான் சார் அவசரம்" என்றிருக்கிறார் இவர்.

ஒரு அதிகாரி சிரித்தார், இரண்டு பேர் சிரிக்கவில்லை என்று வந்து சொன்னார். வேலை கிடைத்தது.

அந்த மாடியில் நான் இன்னும் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தப்பான விடை சொன்னவரைத்தான் நாம் "ஏன்?" என்று கேட்கிறோம். சரியாகச் சொன்னவரைக் கேட்பதே இல்லை. இருபத்துமூன்று பேரில் ஒருவரையாவது பிரின்ஸ்பால் கேட்டிருந்தால் ஊசி அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

நான் கேட்கப் பழகிக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். "ரைட்டாதானே டீச்சர் சொன்னேன்? அப்புறம் ஏன் ஏன்னு கேக்குறீங்க?" என்பார்கள்.

"ரைட்டுனு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பேன். அப்போதுதான் வகுப்பு ஆரம்பிக்கும்.