காம்பராவுக்கு ஒரு பெயர்

டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற ஆண்டு, ஆவணியில், அண்ணன் கட்டாருக்குச் சாரதியாகப் போனான். கலஹாவுக்கு மேலே தேயிலைத் தோட்ட லயத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டில் அண்ணியும் நானும் மிஞ்சினோம். அம்மா அந்தத் தையில்தான் இறந்திருந்தார். எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வேலைக்குப் பெயர் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காம்பரா வேறு குடும்பத்துக்குப் போய்விடும். முதல் பணம் வந்த மாதமே அண்ணி கொழுந்துக் கூடையைக் கழற்றிவிட்டாள். மிச்சம் என் பெயர்.

அடுத்த பங்குனியில் கண்டியில் ஒரு புடவைக் கடை என்னை வேலைக்குக் கூப்பிட்டது. தொலைபேசியில் அண்ணனிடம் சொன்னேன்.

"நீ தோட்ட வேலைய விட்டு நின்னுட்டா காம்பராவ எடுத்துருவாங்க. ஒன் அண்ணிய எங்க வைக்கிறது? தெல்தெனியால காணி பாத்துருக்கேன். வீடு எழும்பட்டும், நீ மலையேற வேணாம். எங்களோட வந்துரு."

பக்கத்தில் நின்ற அண்ணி சிரித்தாள். "இந்தக் கையால சேலையத் தொட்டா கறை புடிக்கும். மொதலாளி ரெண்டாம் நாளே தொரத்திருவான்."

நான் கடைக்குப் போகவில்லை.

இந்த வைகாசியில் தெல்தெனிய வீட்டில் குடிபுகுந்தார்கள். அண்ணன் லீவில் வந்திருந்தான். என் துணிகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். பால் பொங்கி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அண்ணி அந்தப் பையைக் காலால் காட்டினாள்.

"இது என்னாத்துக்கு?"

"நானும் இங்கதானே அண்ணி?"

"அப்ப காம்பராவ யாரு பாக்குறது? ஒன் பாட்டன் காலத்து எடம். சும்மா தூக்கிக் குடுக்கவா?"

அண்ணனைப் பார்த்தேன். அவன் புதுத் தரையைப் பார்த்தான்.

"வெளிநாட்டு வேல நெலையில்ல தங்கச்சி. நாளைக்கே அனுப்பிட்டான்னா, திரும்பி வர ஒரு எடம் வேணும்ல?"

"ஒனக்கென்ன கொற? இனி முழுக் காம்பராவும் ஒனக்குத்தான்," என்றாள் அண்ணி.

கடைசி பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் விடியற்காலை அண்ணன் லொறியோடு வந்தான், அலுமாரியையும் கேஸ் அடுப்பையும் ஏற்ற. அலுமாரியைக் காலி செய்யும் வேலை இருக்கவில்லை. என் துணிகள் இன்னும் பையில்தான் இருந்தன. ஒரு பக்கம் அவன் தூக்கினான், மறுபக்கம் நான்.

காலையில் பெயர் பதியும் பெரட்டுக் களத்துக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது, மற்றப் பெண்கள் மலைக்குப் போயிருந்தார்கள்.

"லொறி நிக்குதே, நீயும் கெளம்பிட்டியோன்னு நெனச்சேன்," என்றார் கங்காணி.

"இல்லீங்க. நான் இருக்கேன்."

"இருந்தா நேரத்துக்கு வா," என்று அரை நாள் சம்பளத்துக்கு என் பெயரைப் பதிந்தார்.