பம்பை வீட்டில் வைத்துவிட்டு நடந்தவள்

மூச்சை நேர்ந்துவிட முடியுமா, சொல்லுங்கள். மொட்டை போடுகிறோம், காவி கட்டுகிறோம், செருப்பைக் கழற்றுகிறோம். மூச்சை எப்படிக் கொடுப்பது?

குடிகாடு கிராமத்து ஆரோக்கிய அனிதா கொடுத்தாள்.

பக்கத்து ஆலைகளிலிருந்து காற்றில் ரசாயன நெடி ஏறும் நாள்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படித்த பிள்ளை அவள். பள்ளியிலேயே ஆஸ்துமா இழுப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டார் அதைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சாத்திய அறைக்குள் அவள் மருந்துப் பம்பை வாயில் வைத்து அடிப்பதைப் பார்த்துவிட்ட கணவன் அருள் பிரகாஷ், "இதுக்குத்தான் கதவ சாத்திக்கிட்டியா? நா வேற என்னமோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தான்.

செம்மண்டலத்துத் தையற்கடையில் அவளுக்கு வேலை. மகள் நிவேதாவுக்கும் இழுப்பு வந்தபோது மருத்துவர் இரண்டு பம்பு கொடுத்தார். ஒன்று, இழுப்பு இல்லாவிட்டாலும் தினமும் அடிப்பது. மற்றது, இழுக்கும்போது உடனே அடிப்பது. அனிதா ஒருநாளும் தவறவிடவில்லை. பம்பைப் பிளாஸ்டிக் குடுவையில் பொருத்தி மகளை உறிஞ்சவைப்பாள், பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்வாள். குழந்தை ஆஸ்பத்திரி வாசலை மறந்தது. இது அவள் கை செய்த வேலை. அவளோ மாதாவுக்கு நன்றி சொல்ல வேளாங்கண்ணிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அவர்கள் தெருவிலிருந்து ஆகஸ்டில் புறப்படும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி உடுத்திவிட்டால் மருந்தைத் தொடக் கூடாது; தொட்டால் வேண்டுதல் முறிந்துவிடும். யார் போட்ட சட்டம் இது? பங்குச்சாமியார் போடவில்லை. அவரிடம் யாரும் கேட்டதுகூட இல்லை.

பம்பை எடுத்துக்கொள் என்று அருள் பிரகாஷ் கெஞ்சிப் பார்த்தான்.

"பம்பு அடிச்சுக்கிட்டே நடந்தா அது வேண்டுதலா மாமா? புள்ளைக்குத் திரும்ப வந்துட்டா யாரு பதில் சொல்றது?"

பம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

தன்னுடைய தினசரி பம்பைக் காவி கட்டிய அன்றே நிறுத்தியிருந்தாள். சிதம்பரத்துக்குச் சற்று முன்னால், சாலைப் புழுதியிலும் வெயிலிலும் இழுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை முழுதாகப் பேச முடியவில்லை. புளியமரத்தடியில் படுக்கவைத்தார்கள், இழுப்புக்காரரை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை. நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள். சோடா கொடுத்தார்கள். சுற்றி நெருக்கியடித்து நின்று ஜெபமாலை சொன்னார்கள்.

அந்த வட்டத்தில் நின்ற ஜோதி மேரியின் பைக்குள், துண்டில் சுற்றி, ஒரு பம்பு இருந்தது. அவளுக்கும் இழுப்பு உண்டு. அனிதாவின் உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் அதை வெளியே எடுத்தாள். உறிஞ்ச அனிதாவிடம் மூச்சு மிச்சமில்லை. ஆம்புலன்ஸ் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

"எடுத்தா, இவ வேண்டுதல முறிச்சவன்னு எல்லாரும் என்னயப் பாப்பாங்களேன்னு நின்னுட்டேங்க" என்றாள் ஜோதி மேரி. அவளை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் கையைப் பைக்குள்ளேயே கட்டிப்போட்டது கூட்டத்தின் பார்வை.

வேண்டுதல் சுத்தமாக இல்லை, அதனால்தான் போனாள் என்று தெருவில் இப்போது பேசுகிறார்கள். நிவேதாவின் பம்பையும் நிறுத்திவிடச் சொல்கிறார்கள். அருள் பிரகாஷ் இதுவரை நிறுத்தவில்லை. எத்தனை நாள் தனியாளாகத் தாக்குப்பிடிப்பான்?

உங்கள் தெருவிலிருந்தும் ஒரு கூட்டம் கிளம்பும். எந்தக் கோயிலுக்கு என்பது எனக்கு முக்கியமில்லை. கிளம்பும் முன் எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள்: "இழுப்பு யாருக்கெல்லாம் இருக்கு? பம்ப எடுத்து கையில வச்சுக்குங்க." வெட்கப்பட்டு யாரும் வாய் திறக்காவிட்டால், இன்னொரு முறை கேளுங்கள்.