எட்டு எட்டாகவே இருக்கும்

பழிவாங்குவது பாவம் என்று ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்தவள் நான். நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் கடற்கரைக் குருநகர்க்காரிக்குச் சில விடயங்கள் ஒரு காதால் வந்து மறு காதால் போய்விடும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அலையுயரமும் காற்றும் சொல்லும் மென்பொருள் ஒன்றை நானும் இணுவில் அண்ணை ஒருவரும் சேர்ந்து எழுதினோம். அவர் கம்பஸில் எனக்கு மூத்தவர். இப்போது யாழ்ப்பாணம் ரவுணில் சொந்தக் கம்பனி நடத்துகிறார். நிரலைத் திறந்தே வைத்தோம். எவரும் எடுத்துத் திருத்தித் தன் பெயரில் வெளியிடலாம். பதிப்பு எண்ணுக்கு இருவருமாக ஒரு சட்டம் வைத்தோம். பழைய பாவனையைக் குழப்புகிற மாற்றம் வந்தால் முதல் எண் கூடும். சின்னத் திருத்தம் என்றால் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் கூடும்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு சிறு கணினி பூட்டிக் கொடுத்தேன். பின்னேரங்களில் அது அலையுயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்லும். குரல் என்னுடையது. மென்பொருள் வெறும் எண்ணைத்தான் தரும். எண்களையும் ‘அடி’ என்ற சொல்லையும் நானே பேசிப் பதிந்தேன். சின்னத் திருத்தங்களை அந்தக் கணினி தானாக எடுத்துக்கொள்ளும். முதல் எண் மாறினால் மட்டும் நின்று என்னைக் கேட்கும்.

அப்போது ஏழாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர் கேட்கிறார்கள் என்று அண்ணை அடியை மீற்றராக்கப் புறப்பட்டார்.

“அப்ப முதல் எண் மாறவேணும். இது எட்டு” என்றேன்.

“எட்டோ? உனக்கென்ன விசரே, பிள்ளை? எட்டு சனியின்ரை எண். வாகன நம்பரைக் கூட்டினால் எட்டு வருகுதெண்டு வானையே வித்தவன் நான்.”

“அப்ப ஒன்பதைப் போடுங்கோ.”

“ஏழுக்குப் பிறகு ஒன்பதெண்டால் சனம் சிரிக்கும். நீ விடு, நான் பாக்கிறன்.”

பார்த்தார். என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் 7.4 என்று வெளியே விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த வேலை. கோயில் கணினி பாவம், சின்னத் திருத்தம் என்று நம்பி எடுத்துக்கொண்டது.

அன்று அலை இரண்டு மீற்றர். ஆளை மூடும் உயரம். என் குரல் ஊர் முழுக்கச் சொன்னது: “அலை இரண்டு அடி.”

சோளகக் காற்று இரைந்துகொண்டிருந்தது. வயதானவர்கள் சிலர் வானத்தைப் பார்த்துவிட்டு வள்ளங்களை மேலே இழுத்துவிட்டார்கள். என் தம்பி போனான். தடுத்தவர்களிடம், “அக்கா சொல்லிப்போட்டா, பயமில்லை” என்றானாம்.

வள்ளம் பிரண்டது. எஞ்சினுக்கும் வள்ளத்துக்கும் நடுவில் வலது கை நசிந்தது. பின்னால் வந்தவர்கள் இழுத்துக் கரைசேர்த்தார்கள். உயிர் மிஞ்சியது. அந்தக் கை இன்றுவரை வலை இழுக்கவில்லை, விரல்கள் மடங்காது.

அண்ணை என்ன செய்தார் தெரியுமா? எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதினார்: மென்பொருளில் பிழை இல்லையாம், கோயிலில் பூட்டினவரின் கவனக்குறைவாம். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பூட்டினவள் நான். மீன் சந்தையில் என்னைக் கண்டதும் சனம் கதையை நிறுத்தியது. தம்பி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும்.

நான் மூலையில் இருந்து அழவில்லை. நிரலை முழுதாகப் பிரதி எடுத்தேன். எண்ணோடு அளவின் பெயரும் சேர்ந்தே வரும்படி மாற்றினேன். பழைய பாவனையைக் குழப்பும் மாற்றம்தான் அது. ஆகவே சட்டப்படி 8.0 என்று வெளியிட்டேன். என் பிரதியை எடுப்பவர்கள் என் பதிப்பு எண்ணை மாற்றாமல் முகப்பில் பெரிதாகக் காட்டவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை சேர்த்தேன். எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்று கடல்காரருக்குத் தெரியவேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். மற்றக் காரணத்தை நான் மறைக்கப்போவதில்லை. அந்த மனிதன் ஒருநாள் எட்டைச் சுமக்கவேண்டும்.

சுமந்தார். அலைத் தரவு தரும் இடம் தன் முறையை மாற்றியபோது அவருடைய ஏழு படுத்துவிட்டது. தரவை வாங்கிக் கணக்குப் போடும் பகுதியெல்லாம் என் கைவேலை. அவருக்கு அதில் வாலும் தெரியாது தலையும் தெரியாது. வேறு வழியின்றி என்னுடையதை எடுத்தார். கம்பனியின் திரை எல்லாவற்றிலும் எட்டு. அது வந்த நாளிலிருந்து வியாபாரம் படுக்குது, வீட்டில் நிம்மதி இல்லை என்று புலம்புவதாகக் கேள்விப்பட்டேன். அன்று சோறு எனக்கு நன்றாக இறங்கியது.

போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார். கதிரை நுனியில் இருந்தார்.

“பிள்ளை, ஒரு ஒன்பது விடேலாதோ? சும்மா எண் மட்டும் மாறினால் காணும்.”

“சட்டம் தெரியும்தானே, அண்ணை. பழைய பாவனை குழம்பினால்தான் முதல் எண் மாறும். நான் குழம்ப விடமாட்டன். இண்டைக்கு 8.11. நாளைக்கு 8.12. நான் இருக்கும்வரைக்கும் எட்டுத்தான்.”

“ஒரு எண்தானே, பிள்ளை…”

“ஓம். ஒரு எண்தான். அதைத்தான் அண்டைக்கு நானும் கேட்டனான்.”

அதற்குள் தம்பி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தான். விருந்தாளிக்கு இடது கையால் எதையும் நீட்டக்கூடாது என்று எங்கள் இருவரையும் அடித்து வளர்த்த வீடு இது. அவன் இடது கையால் நீட்டினான். அண்ணை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் தொங்கிய மற்றக் கையைப் பார்த்தார்.

எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார்.